உஷார்! லேபிளில் சிரிக்கும் கூஸ் வாத்து

கனடாவுக்கோ நார்வேக்கோ பிள்ளையைப் படிக்க அனுப்பும் வீட்டில் ஒரு பட்டியல் ஓடும். குக்கர், புளிக்காய்ச்சல், ஊறுகாய், தெர்மல் உள்ளாடை, கடைசியாக ஒரு நல்ல டவுன் ஜாக்கெட். புளிக்காய்ச்சலையும் ஊறுகாயையும் முகர்ந்தே தரம் சொல்லிவிடுவோம். ஜாக்கெட்டில்தான் நம் கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். ‘ஹங்கேரிய வெள்ளை கூஸ்’, ‘ஃபில் பவர் 800’, ‘கையால் சேகரித்தது’, ‘மதர் கூஸ் டவுன்’ என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு கூஸ் வாத்து புல்வெளியில் நிம்மதியாக நிற்பதுபோல் படமும் போட்டிருப்பார்கள். இந்த நான்கில் ஒன்றுகூட அந்தப் பறவை எப்படி வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. கடைசி இரண்டும் விற்பனை வார்த்தை மாதிரித் தெரியும். கொஞ்சம் விவரம் தெரிந்தவருக்கு அவை எச்சரிக்கை மணி.

ஏன் என்று கேளுங்கள். கூஸின் நெஞ்சிலும் வயிற்றிலும் மேலிறகுக்கு அடியில் மெத்தென்று இருக்கும் தூவிதான் டவுன். ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்ற கணக்குதான் ஃபில் பவர். தூவியின் பூ, அதாவது ஒவ்வொரு தூவிக் கொத்தும், பெரிதாக இருந்தால் எண் ஏறும், எண் ஏறினால் விலை ஏறும். பெரிய பூ வயது முதிர்ந்த பறவையிடம்தான் கிடைக்கும். இறைச்சிக்கு வளர்க்கும் கூஸின் ஆயுளோ பெரும்பாலும் சில வாரத்திலிருந்து நான்கு மாதம் வரைதான். ஓட்ஸ் ஊட்டி வளர்ப்பதற்குப் பேர்போன போலந்துக் கூஸ் 17 வாரத்தில் இறைச்சிக்கூடத்துக்குப் போய்விடும். குஞ்சு உற்பத்திக்காக வைத்திருக்கும் தாய்க் கூஸ் மட்டும் பல முட்டைப் பருவங்கள் உயிரோடு இருக்கும். ஆக, விலை உயர்ந்த தூவி இருப்பது வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும் பறவையின் உடம்பில். பிடுங்கினால் ஆறேழு வாரத்தில் மறுபடி முளைத்துவிடும். பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று இனிமேல் விளக்க வேண்டியதில்லை.

‘மதர் கூஸ்’ என்று எழுதிய ஒவ்வொரு ஜாக்கெட்டும் உயிரோடு பிடுங்கிய தூவியால் நிரம்பியது என்று நான் சொல்லவில்லை. உலகச் சந்தையில் உள்ள தூவியில் பெரும்பகுதி இறைச்சிக்கு அறுத்த பறவைகளிடமிருந்து, அதிலும் சாதாரண வாத்துகளிடமிருந்து வருவது. ஆனால் உயிரோடு பிடுங்குவது நடந்தால் அது நடப்பதற்கு மிகவும் வாய்ப்புள்ள இடம் இந்தத் தாய்ப் பண்ணைதான். அங்கேதான் விசாரணை கூர்மையாக இருக்க வேண்டும். நடைமுறையில் அங்கேதான் மழுங்குகிறது.

பிடுங்குவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வாரம் ஆன கூஸிலிருந்தே இது தொடங்கலாம். கூலிக்கு வருகிறவர்கள் பறவையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, சிறகையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு நெஞ்சு, வயிறு, முதுகு என்று கொத்துக்கொத்தாகப் பிடுங்குவார்கள். எத்தனை பறவையோ அத்தனை காசு என்றால் கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். தோல் கிழிகிறது, சிறகு மூட்டு நழுவுகிறது, எலும்பு முறிகிறது. ரகசியமாக எடுத்த காட்சிகளில் கிழிந்த தோலை மயக்கமருந்து இல்லாமல் அங்கேயே ஊசிநூலால் தைப்பதைக் காணலாம். 2009இல் ஸ்வீடனின் ‘கல்லா ஃபாக்தா’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஹங்கேரியில் நடந்த இந்த வேலையை ஒளிபரப்பியது. ஐரோப்பியக் கடைகள் அலறின. உலகத் தூவியில் மிகப் பெரிய பங்கு இப்படி வருகிறது என்றது நிகழ்ச்சி, மிகச் சிறிய பங்கு என்றது தொழில்துறை. சண்டை சதவீதத்தைச் சுற்றியே ஓடியது. பண்ணைக்குள் போய் ஒரு பறவையைக் கையில் எடுத்துப் பார்க்க யாரிடமும் நம்பகமான முறை இல்லை என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 1999இல் வீட்டுக் கூஸ்களுக்கென்றே ஒரு பரிந்துரை கொண்டுவந்தது. உயிருள்ள பறவையிடமிருந்து தூவியோ இறகோ பிடுங்கக் கூடாது என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால், இறகு உதிரும் பருவத்தில். அந்தப் பருவத்தில் தானாகக் கழலும் தூவியை மெல்ல வாரி எடுப்பது பிடுங்குவது ஆகாது என்று பண்ணையாளர்கள் வாதாடினார்கள். ஐரோப்பிய ஆணையம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை ஆராய்ந்து கருத்துச் சொன்னது. கழலத் தயாராக இருக்கும் இறகை வாரி எடுத்தால் வலியும் ரத்தமும் இருக்காது, அது சரி என்றார்கள். ஆயிரக்கணக்கான கூஸ் உள்ள மந்தையில் எல்லாப் பறவைக்கும் ஒரே நாளில் இறகு கழலாது, ஒரே பறவையின் உடம்பிலும் எல்லா இடமும் ஒன்றாகக் கழலாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். கூலியாள் குறித்த தேதியில் வந்து மந்தை முழுவதையும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகிறார் என்றால், அதில் ஒரு பகுதி பிடுங்கியதாகத்தான் இருக்க முடியும். ‘கையால் சேகரித்தது’ என்ற அழகான வார்த்தை இந்த ஓட்டைக்குள்தான் குடியிருக்கிறது.

இந்தக் குற்றத்துக்குத் தடயம் உண்டு. கழன்ற இறகின் தண்டு அடி காய்ந்து சுத்தமாக இருக்கும். பிடுங்கிய இறகின் அடியில் ரத்தம் ஒட்டியிருக்கும், பறவையின் தோலில் இறகுக் குழிகளைச் சுற்றி ரத்தப் புள்ளி நிற்கும். இதெல்லாம் சில நாள்தான். ஆய்வாளர் மூன்று வாரம் கழித்து வந்தால் புதுத் தூவி முளைத்து மேலே மூடத் தொடங்கியிருக்கும். இறைச்சிக்கூடத்தில் முழுத் தூவியும் போன பிறகு பழைய தழும்பும் கூடிப்போன சிறகு முறிவும் கண்ணுக்குத் தெரியும். அதைத் தேடிக் குறித்துவைக்க அங்கே ஒருவர் இருந்தால்தான் பயன்.

பெரிய ஆபத்து இனிமேல்தான். ‘நலம் பரிசோதிக்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை பார்த்ததும் நாம் நிம்மதி ஆகிவிடுகிறோமே, அந்தப் பரிசோதனை எதைப் பரிசோதித்தது?

பழைய வழி கொட்டகையை அளப்பது. ஒரு பறவைக்கு எவ்வளவு இடம், எத்தனை தண்ணீர்க் குழாய், எவ்வளவு வெளிச்சம், தீவனப் பதிவேடு சரியா, இத்தோடு படிவம் நிரம்பிவிடும். பறவையைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது. தண்ணீர் வசதி என்ற கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்குப் போடுகிற நிப்பிள் குழாயே கூஸ் கொட்டகையிலும் ஓடினால் படிவத்தில் ‘உண்டு’ என்று டிக் விழும். தாகம் தீரும், அது உண்மை. ஆனால் கூஸ் தண்ணீருக்குள் தலையை முழுசாக அமிழ்த்தி, அலகால் அள்ளி உடம்பெல்லாம் தெளித்து, பிறகு மணிக்கணக்கில் இறகு கோதும் பறவை. தலை முங்காவிட்டால் கண்ணிலும் மூக்குத் துளையிலும் அழுக்குப் படிந்து பொருக்குத் தட்டும், இறகு பிசுபிசுக்கும். தலையை அமிழ்த்தும் அளவுக்காவது தண்ணீர் வேண்டும் என்று அந்த 1999 பரிந்துரையே சொல்கிறது. படிவத்தில் டிக், கொட்டகையில் பீளை கட்டிய கண். இரண்டும் ஒரே நாளில் உண்மையாக இருக்க முடியும்.

அதனால்தான் இப்போது பறவையையே பார்த்து மதிப்பிடும் முறைக்கு விஞ்ஞானிகள் நகர்ந்திருக்கிறார்கள். 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாத்து, கூஸ், காடை மூன்றுக்கும் சேர்த்து வெளியிட்ட அறிக்கை இதைத்தான் செய்கிறது. நடமாட்டம் முடங்குவது, எலும்பு, தோல், இறகுக் காயங்கள், நொண்டுவது, கூட்டத்தால் வரும் நெருக்கடி, குளித்துக் கோத முடியாமை, மேய முடியாமை, கூடு கட்டி முட்டையிட முடியாமை, இவை ஒவ்வொன்றும் பறவையின் உடம்பிலும் நடத்தையிலும் எப்படித் தெரியும் என்று வகுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனாலும் உஷார். முட்டைக் கோழிக்கும் கறிக்கோழிக்கும் ஐரோப்பாவில் தனித்தனிச் சட்ட வரையறை உண்டு, கூஸுக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை. எல்லாப் பண்ணை விலங்குக்கும் பொதுவான 1998ஆம் ஆண்டு உத்தரவின் நிழலில்தான் அது நிற்கிறது. கோழியைப் பற்றி ஆய்வு குவிந்து கிடக்கிறது, கூஸைப் பற்றிக் கொஞ்சம்தான். கோழிக்குச் செய்த அளவுகோலைக் கொண்டுபோய்க் கூஸின் மேல் வைத்து ‘பாஸ்’ போடுகிற பழக்கம் அதனால்தான் இன்னும் சாகவில்லை.

கூஸை மதிப்பிடுவது ஏன் தனி வித்தை என்று கேட்டால், அது நோயை மறைக்கிற பறவை. வெள்ளைத் தூவி உடம்பை மூடியிருக்கும், மெலிவு தெரியாது. புது ஆளைக் கண்டால் மொத்த மந்தையும் ஒரே அலையாகக் கொட்டகையின் மறுகோடிக்கு ஓடும். மிரண்டால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்தும் போகும். வாசலில் நின்றபடி ஒரு பார்வை பார்த்து ‘மந்தை சுறுசுறுப்பாக இருக்கிறது’ என்று எழுதுகிற ஆய்வாளர், பறவைகள் அவரைக் கண்டு பயந்து ஓடியதைத்தான் சுறுசுறுப்பு என்று எழுதியிருக்கிறார். விவரம் தெரிந்தவர் கொட்டகையை நீள நீளப் பட்டைகளாக மனத்தில் பிரித்துக்கொள்வார், ஒவ்வொரு பட்டையிலும் அடிமேல் அடிவைத்து நடப்பார், மந்தை முன்னே விலக விட்டுவிட்டுப் பின்தங்குகிறவற்றை எண்ணுவார். நொண்டி, காயம்பட்டது, ஒரு மூலையில் தலையைச் செருகி உட்கார்ந்திருப்பது, முதுகு மற்றவற்றின் கொத்தில் மொட்டையானது, சிறகு நுனி வெளிப்பக்கம் முறுக்கி நிற்பது. கணக்கில் வரவேண்டியவை அவைதான். கோழி, வான்கோழிப் பண்ணைகளில் இப்படி நடந்து எண்ணும் முறை நன்றாக வேலை செய்திருக்கிறது. பிறகு சிலவற்றைக் கையில் எடுத்துப் பாதத்தின் அடியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கூஸ் தண்ணியாகக் கழியும் பறவை. வைக்கோலை அடிக்கடி மாற்றாவிட்டால் பாதம் வெந்து கருத்துப் புண்ணாகும். ஒரு பண்ணையாளர் வைக்கோலுக்கு எவ்வளவு செலவழித்தார் என்பதற்கு அந்தப் பாதத்தைவிட நேர்மையான ரசீது கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் இருக்கிறது. கூஸ்கள் ஆளைச் சுற்றிக் கூடி, பின்னாலேயே ஓடிவருகிற வீடியோவை நிறுவனங்கள் போடுகின்றன. எவ்வளவு பாசம் என்று நாமும் உருகுகிறோம். கொன்ராட் லோரென்ஸ் ஆஸ்திரியாவில் சாம்பல் கூஸ் குஞ்சுகளை வைத்துக் காட்டியது நினைவிருக்கட்டும். முட்டையிலிருந்து வெளிவந்ததும் முதலில் கண்ட நகரும் பொருளைத் தாயென்று பதித்துக்கொண்டு குஞ்சு அதன் பின்னால் போகும், அது மனிதனின் பூட்ஸாக இருந்தாலும் சரி. லோரென்ஸுக்கு 1973இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்குபேட்டரில் பொரித்து மனிதக் கையில் வளர்ந்த கூஸ் மனிதனை நோக்கி வருவது அதன் பிறப்பின் விளைவு. பண்ணை நல்ல பண்ணை என்பதற்கு அது சான்று ஆகாது.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல். 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைக் கூஸ் ஒன்றில் கண்டுபிடித்த வைரஸ்தான் இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரம்பரையின் மூதாதை. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். அதன்பின் ஐரோப்பாவில் காட்டு வாத்துகள் வலசை வரும் மாதங்களில் பண்ணைப் பறவைகளை உள்ளே அடைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கமாகிவிட்டது. நியாயமான உத்தரவுதான், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மேய்ச்சலுக்குப் பழகிய கூஸ் வாரக்கணக்கில் அடைபட்டால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும், குளம் இல்லை, வைக்கோல் ஊறிப்போகும். சான்றிதழ் ஆய்வு வருடத்துக்கு ஒருமுறை வெயில் காலத்தில் நடந்திருந்தால் இந்த மாதங்கள் எந்தப் படிவத்திலும் ஏறாது.

சரி, ஜாக்கெட் வாங்கியே தீர வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் கொள்கை பேசிக்கொண்டு நிற்க முடியாது. உயிரோடு பிடுங்குவதையும் வாயில் திணித்து ஊட்டுவதையும் தடைசெய்யும் சான்றிதழ்கள் 2014 வாக்கில் வந்துவிட்டன. ‘ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட்’ அதில் பரவலானது. முத்திரை எதுவும் இல்லாத ஜாக்கெட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் கடைக்காரரிடமும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடமும் ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: தாய்ப் பண்ணை இந்தச் சான்றிதழுக்குள் வருகிறதா, இறைச்சிப் பண்ணை மட்டுமா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த 800ஐ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். ஊருக்குள் பஸ் பிடித்துக் கல்லூரி போகிற மாணவருக்கு 550, 600 ஃபில் பவரே தாராளம். 800 என்பது முதுகில் கூடாரம் சுமந்து பனிமலை ஏறுகிறவருக்கு எடை குறைப்பதற்காக. டொராண்டோவின் ஈரப்பனிக்கு நல்ல பாலியெஸ்டர் அடைப்பு இன்னும் தோது. தூவி நனைந்தால் கட்டிதட்டிச் சூட்டை இழக்கும், பாலியெஸ்டர் அவ்வளவாக இழக்காது. பழைய ஜாக்கெட் கடைகளும் அங்கே நிறைய இருக்கின்றன, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஜாக்கெட்டோடு இன்னொரு சாமானும் கூஸ் பண்ணையிலிருந்து வருகிறது. ஈரல். ஐரோப்பா டூர் போகிறவர்களுக்கு இது. பாரிஸில் ‘ஃபுவா கிரா’ என்பார்கள், அங்கே பெரும்பாலும் சாதா வாத்தின் ஈரல். புடாபெஸ்ட் மெனுவில் ‘லிபமாய்’ என்று இருந்தால் அது கூஸ் ஈரல், ஹங்கேரி அதற்குப் பேர்போனது. கடைசி இரண்டு மூன்று வாரம் தினமும் பல முறை தொண்டைக்குள் குழாய்விட்டு மக்காச்சோளத்தை இறக்கி, ஈரலில் கொழுப்பேற்றி வீங்க வைப்பது. ஈரலுக்காக வளர்த்த கூஸின் தூவியும் வீணாகாது, சந்தைக்கு வரும்.

இங்கே நல மதிப்பீட்டை எப்படி வளைக்கிறார்கள் என்று பாருங்கள். சில பிரெஞ்சு ஆய்வுகளில் குழாய்விட்டு ஊட்டிய வாத்துகளின் ரத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள், பெரிதாக ஏறவில்லை. ஆகவே துன்பமில்லை என்று தொழில்துறை அதைத் தூக்கிக் காட்டுகிறது. ஒரே ஒரு ஹார்மோனை வைத்துத் தீர்ப்பெழுதும் இந்த வித்தையை நம்பாதீர்கள். ஊட்டுவதை நிறுத்தினால் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது அவர்களின் இன்னொரு வாதம். திரும்பும்தான், ஆனால் நிறுத்துவதில்லையே, அறுக்கிறார்களே. ஐரோப்பிய ஒன்றியத்தின் விஞ்ஞானக் குழு 1998இலேயே அதுவரை நடந்துவந்த முறையில் திணித்து ஊட்டுவது பறவையின் நலத்துக்குக் கேடு என்று முடிவு சொல்லிவிட்டது. ஊட்டும் இரண்டு வாரத்தில் 2 முதல் 4 சதவீதம் பறவைகள் சாகின்றன, ஊட்டாத அதே வகை வாத்துகளில் 0.2 சதவீதம் அளவில்தான் என்ற ஒப்பீடும் அந்த அறிக்கையில் உண்டு. இஸ்ரேல் ஒருகாலத்தில் பெரிய கூஸ் ஈரல் உற்பத்தியாளர். 2003இல் அதன் உச்ச நீதிமன்றம் இந்த ஊட்டலை நிறுத்தச் சொன்னது. பிரான்ஸோ 2006இல் ஃபுவா கிராவைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

எல்லாவற்றையும்விட என்னை அதிரவைத்தது ஒரு எடைக் கணக்கு. ஃபுவா கிரா என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கூஸ் ஈரல் குறைந்தது 400 கிராம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விற்பனை விதியே சொல்கிறது. சாதாரண கூஸின் ஈரல் 100 கிராமை ஒட்டி இருக்கும். அதாவது நலத்தைப் பேசுகிற அதே ஒன்றியத்தின் விதிப்புத்தகம், இயல்பாக வளர்ந்த பறவையின் ஈரலைத் தரமற்ற சரக்கு என்று ஒதுக்குகிறது. ‘நலம் பேணி வளர்த்த கூஸின் ஃபுவா கிரா’ என்று மெனுவில் யாராவது எழுதியிருந்தால் இந்த 400ஐ நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடையில் தங்க நிற டப்பாவில் அதை அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். உறவுக்காரர்களுக்கு வித்தியாசமாக ஏதாவது வாங்கலாம் என்று கை நீளும். நீட்டாதீர்கள். ஃபுவா கிரா இறக்குமதியை இந்தியா 2014 ஜூலையிலேயே தடைசெய்துவிட்டது. சென்னையில் இறங்கிய பிறகு கஸ்டம்ஸ் அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அது வெறும் வாத்துக்கறி என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும், டூட்டி ஃப்ரீ கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.